எச்.ஐ.வி.யை நம் உடலே அடக்க முடியுமா?

எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவரின் பரிசோதனை அறிக்கையில் 'ரத்தத்தில் வைரஸ் கண்டறியப்படவில்லை' என்று வருகிறது. அடுத்த ஆண்டும் அதே முடிவு. பத்தாவது ஆண்டிலும் அதே முடிவு. சரி, இனி மாத்திரை எதற்கு என்று அவர் நிறுத்திவிட்டால்? பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். பத்து ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது இவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தது?

எச்.ஐ.வி. பற்றி யாரைக் கேட்டாலும் "அது எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும்" என்பார்கள். தவறில்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் மேலே உள்ள கேள்விக்குப் பதில் கிடைக்காது. நம் உடல் இந்த வைரஸோடு மிகக் கடுமையாகச் சண்டை போடுகிறது. மிகச் சிலருடைய உடல் அந்தச் சண்டையில் ஜெயித்தும் இருக்கிறது. அது எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது என்று தெரிந்தால், எச்.ஐ.வி.யைக் குணப்படுத்துவது பற்றி வரும் செய்திகளில் எதை நம்பலாம், எதைத் தள்ளிவிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சுருக்கமாகப் பார்ப்போம். நோய் எதிர்ப்பு மண்டலத்தில் பல வகை வெள்ளையணுக்கள் உண்டு. நமக்கு இங்கே மூன்று போதும். சிடி4 செல்கள் மற்றவற்றை ஏவி, வேலை வாங்கி, ஒருங்கிணைப்பவை. சிடி8 செல்கள் கொல்பவை. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அந்தச் செல்லையே அழிப்பது அவற்றின் வேலை. பி செல்கள் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிப்பவை. இவை செல்லுக்குள் நுழையும் முன்பே வைரஸைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிருமியைச் சந்தித்து முடித்ததும் இவற்றில் ஒரு சிறு பகுதி 'நினைவு செல்'களாக மாறி, பல ஆண்டுகள் அசையாமல் உறங்கிக் கிடக்கும். அதே கிருமி மறுபடி வந்தால் உடனே விழித்தெழும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசி பெரியவரான பிறகும் காப்பது இந்த நினைவு செல்களால்தான். இந்த நினைவு செல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பெரிய முடிச்சு அதில்தான் இருக்கிறது.

எச்.ஐ.வி. குறிவைப்பது சிடி4 செல்களை. அதன் மேற்பரப்பில் உள்ள சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, சிசிஆர்5 என்ற இன்னொரு புரதத்தின் துணையோடு உள்ளே நுழைகிறது. சில வகை வைரஸ்கள் இதற்குப் பதில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தைப் பயன்படுத்தும். உள்ளே போனதும் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதி, அதை நம் டிஎன்ஏவுக்கு நடுவே செருகிவிடுகிறது. சளிக்காய்ச்சல் வைரஸ் வந்தால் போய்விடும். எச்.ஐ.வி. நுழைந்த செல்லிலோ, அந்தச் செல் உயிரோடு இருக்கும் வரை வைரஸின் மரபணுவும் இருக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் வைரஸின் மரபணுவும் இரண்டாகும்.

முதல் சுற்றில் ஜெயிப்பது உடல்தான்

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. குடல் சுவரில் இருக்கும் சிடி4 செல்கள் பெருமளவில் அழிகின்றன. ரத்தத்தில் வைரஸின் அளவு உச்சத்தைத் தொடுகிறது. அப்புறம், எந்த மருந்தும் கொடுக்காமலே, அந்த அளவு சரசரவென்று இறங்குகிறது. அது இறங்கும் நேரமும், எச்.ஐ.வி.யை அடையாளம் காணும் சிடி8 செல்கள் ரத்தத்தில் பெருகும் நேரமும் ஒன்றாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

ஒன்றாக நடப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1999இல் குரங்குகளில் நடந்த ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தன. எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்ஐவி தொற்றிய குரங்குகளில் சிடி8 செல்களை மட்டும் தற்காலிகமாக நீக்கினார்கள். வைரஸ் உடனே எகிறியது. சிடி8 செல்கள் திரும்பி வந்தன, வைரஸ் மறுபடி அடங்கியது. பூட்டைத் திறந்து பார்த்து மறுபடி பூட்டியதுபோல அவ்வளவு தெளிவான முடிவு. மருந்தில்லாமலே வைரஸை அழுத்திப் பிடிக்கும் கை நம் உடலுக்குள் இருக்கிறது என்பது அதில் உறுதியானது.

ஆனால் அந்தப் பிடி பெரும்பாலானவர்களுக்கு நிலைப்பதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு சிடி4 செல்கள் குறைந்துகொண்டே போகும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1,500 வரை இருப்பவை, 200க்குக் கீழே போனால் அதை எய்ட்ஸ் நிலை என்கிறார்கள்.

ஏன் தோற்கிறது?

முதல் காரணம், வைரஸ் உருமாறும் வேகம். சிகிச்சை இல்லாத ஒருவர் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி புதிய வைரஸ்கள் உருவாவதாக 1990களின் நடுவில் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு முறை மரபணுவை நகலெடுக்கும்போதும் எழுத்துப் பிழைகள் விழுகின்றன. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு. ஆனால் இத்தனை கோடியில் ஏதோ ஒன்று, சிடி8 செல் தேடும் அடையாளத்தை மட்டும் மாற்றிக்கொண்டு தப்பிவிடும். அடுத்த சில வாரங்களில் அதன் வாரிசுகள்தான் உடல் முழுவதும் இருக்கும். உடல் புதிய அடையாளத்தைக் கற்றுக்கொள்வதற்குள் வைரஸ் அடுத்த வேடத்துக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, ஒளிந்துகொள்ளும் தந்திரம். வைரஸ் புகுந்த எந்தச் செல்லும் தனக்குள் இருக்கும் புரதத்தின் துண்டுகளை எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து வெளியே காட்டும். அதைப் பார்த்துத்தான் சிடி8 செல் தாக்கும். எச்.ஐ.வி.யிடம் உள்ள நெஃப் என்ற புரதம் அந்தத் தட்டுகளையே கீழே இழுத்துவிடுகிறது. ஆன்டிபாடிகளின் கண்ணில் படாமல் இருக்க இன்னொரு ஏற்பாடு: வைரஸின் வெளிப்புறப் புரதத்தின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் அடர்ந்து மூடியிருக்கின்றன. அந்தச் சர்க்கரை நம் செல்கள் பூசிவிடுவதுதான் என்பதால் உடலுக்கு அது அன்னியமாகத் தெரிவதில்லை.

மூன்றாவது, களைப்பு. மாதக் கணக்கில் ஓயாமல் சண்டை போடும் சிடி8 செல்களின் மேற்பரப்பில் பிடி-1 என்ற புரதம் கூடுகிறது. அது ஒரு பிரேக் போல. செல் இருக்கும், எதிரியையும் பார்க்கும், ஆனால் கொல்லும் திறன் மங்கிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை வைத்து மக்களை ஏமாற்றுபவர்கள் நிறைய. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் எச்.ஐ.வி. போய்விடும்' என்று சொல்லி விற்கப்படும் எதையும் நம்பாதீர்கள். இந்த நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கிறது. தூண்டிவிடப்பட்ட சிடி4 செல்லில்தான் எச்.ஐ.வி. எளிதாகப் பெருகும், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தூண்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது போன்றது. ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே என்ற குரங்கினத்தைப் பாருங்கள். அவற்றின் ரத்தத்தில் எஸ்ஐவி ஏராளமாக இருக்கும், ஆனாலும் பெரும்பாலும் நோய் வருவதில்லை. அவற்றின் உடல் ஆரம்பத்தில் சண்டை போட்டுவிட்டுப் பிறகு கொதிப்பைத் தணித்துக்கொள்கிறது. சக்தி கூடுவது குறைவதை விட, எதைத் தாக்குவது, எப்போது தாக்குவது என்பதுதான் இந்த நோயில் முக்கியம்.

உறங்கும் வைரஸ்

மேலே சொன்ன மூன்றையும் மருந்துகள் ஓரளவு ஈடுகட்டிவிட்டன. 1996 முதல் புழக்கத்துக்கு வந்த கூட்டு மருந்து சிகிச்சை வைரஸ் புதிய செல்களுக்குள் புகுவதையும் பெருகுவதையும் நிறுத்திவிடுகிறது. ஆனால் ஒரு இடத்தை மட்டும் எந்த மருந்தாலும் எட்ட முடியவில்லை. அதுதான் நினைவு செல்.

ஒரு சிடி4 செல்லுக்குள் எச்.ஐ.வி. நுழைந்து தன் மரபணுவைச் செருகிய நேரத்தில் அந்தச் செல் நினைவு செல்லாக மாறி உறங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செல் உறங்கும்போது வைரஸும் உறங்கிவிடும். புரதம் எதையும் தயாரிக்காது. புரதம் இல்லையென்றால் தட்டில் காட்டவும் ஒன்றுமில்லை, சிடி8 செல்லுக்குப் பார்க்கவும் ஒன்றுமில்லை. மருந்து தடுப்பது வைரஸின் பெருக்கத்தை. பெருகாமல் கிடக்கும் வைரஸை அது ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பதுங்கு கிடங்கில், உயிரோடு எழுந்து வரக்கூடிய வைரஸைச் சுமக்கும் செல்கள் உறங்கும் சிடி4 செல்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கின்றன. ஆனால் அவை தேய்வது மிக மெதுவாக. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிலிசியானோவின் குழு அளந்து பார்த்தபோது, கிடங்கு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்று தெரிந்தது. மாத்திரையை மட்டும் நம்பினால் முழுவதும் காலியாக 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். போதாததற்கு, இந்தச் செல்கள் அவ்வப்போது தாமாகவே பிரிந்து எண்ணிக்கையை நிரப்பிக்கொள்கின்றன.

தடுப்பூசிகள் பலிப்பதற்கு எந்தக் குணம் காரணமோ, அதே நீண்ட ஆயுள்தான் எச்.ஐ.வி.யைக் குணப்படுத்த முடியாமல் செய்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு மனசு கனத்துப்போனது. திருடன் காவலர் வீட்டிலேயே, காவலரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான்.

மருந்தில்லாமல் அடக்கியவர்கள்

எச்.ஐ.வி. தொற்றியவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைரஸைப் பரிசோதனைக்கே எட்டாத அளவில் வைத்திருக்கிறார்கள். இவர்களை 'எலைட் கன்ட்ரோலர்கள்' என்பார்கள். இவர்களிடம் என்ன தனி என்ற தேடலில் முதலில் கிடைத்த தடயம், நான் மேலே சொன்ன எச்எல்ஏ தட்டு. அந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். எச்எல்ஏ-பி57, எச்எல்ஏ-பி27 ஆகிய வடிவங்கள் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருக்கின்றன.

தட்டு மாறினால் அதில் உட்காரும் புரதத் துண்டும் மாறும். இந்த வகைத் தட்டுகள் காட்டுபவை பெரும்பாலும் வைரஸின் உட்கூட்டைக் கட்டும் புரதத்தின் துண்டுகள். வீட்டின் பூச்சை மாற்றலாம், திரைச்சீலையை மாற்றலாம். பாரம் தாங்கும் தூணை மாற்றினால் வீடே சரிந்துவிடும். வைரஸும் அப்படித்தான். தூண் போன்ற இடத்தில் சிடி8 செல் குறிவைக்கும்போது, தப்பிக்க உருமாறினால் வைரஸ் முடமாகிறது, மாறாவிட்டால் சாகிறது. அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் உள்ள ராகன் நிறுவனத்தைச் சேர்ந்த புரூஸ் வாக்கரின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, புரதங்களின் முப்பரிமாண அமைப்பை வைத்து இதைக் காட்டியது. வைரஸை அடக்குபவர்களின் சிடி8 செல்கள், புரதத்தின் அமைப்பில் பல இணைப்புகள் கூடும் இடங்களையே தாக்குகின்றன. நல்ல தட்டு வடிவம் இல்லாத சிலரும் வைரஸை எப்படி அடக்குகிறார்கள் என்ற பழைய புதிருக்கும் அதில் விடை கிடைத்தது: தட்டு வேறாக இருந்தாலும் அவர்கள் செல்கள் அடிக்கும் இடம் அதே வகை இடம்தான்.

அதே ராகன் நிறுவனத்தில் சூ யூவின் குழு 2020இல் வேறொரு கோணத்தில் பார்த்தது. இவர்களின் செல்களில் வைரஸ் டிஎன்ஏவின் எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறது? நம் டிஎன்ஏவில் பரபரப்பாக இயங்கும் பகுதிகளும் உண்டு, மரபணுக்களே அரிதாக உள்ள, எதுவும் படிக்கப்படாத வறண்ட பகுதிகளும் உண்டு. மருந்து சாப்பிடுபவர்களிடம் வைரஸ் பெரும்பாலும் இயங்கும் பகுதியில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழிக்கலாம். எலைட் கன்ட்ரோலர்களிடம் முழுமையான வைரஸ் பெரும்பாலும் வறண்ட பகுதியில் பூட்டிக் கிடந்தது. விழிக்க முயன்ற ஒவ்வொரு செல்லையும் எதிர்ப்பு மண்டலம் ஆண்டுக்கணக்கில் பொறுக்கி எடுத்துக் கொன்றிருக்க வேண்டும். விழிக்கவே முடியாதவை மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

அந்த ஆய்வில் ஒரு பெண்ணின் 150 கோடி ரத்த செல்களைத் தேடியும் முழுமையான வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2021இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த இன்னொரு பெண்ணைப் பற்றி அறிவித்தார்கள். எஸ்பெரான்சா என்ற ஊரைச் சேர்ந்தவர் என்பதால் 'எஸ்பெரான்சா நோயாளி' என்றே அழைக்கப்படுகிறார். ஸ்பானிய மொழியில் எஸ்பெரான்சா என்றால் நம்பிக்கை. அவருடைய 100 கோடிக்கும் மேற்பட்ட ரத்த செல்களிலும், அவர் குழந்தை பெற்றபோது கிடைத்த நஞ்சுக்கொடித் திசுவிலும் தேடினார்கள். எழுந்து வரக்கூடிய வைரஸ் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று எதுவும் இல்லாமல் உடல் தானே வைரஸைத் துடைத்தெறிய முடியும் என்பதற்கு இவ்விருவரையும்விடப் பெரிய சான்று நமக்கில்லை.

மஜ்ஜை மாற்றில் குணமானவர்கள்

திமோத்தி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. பெர்லினில் மருத்துவர் கெரோ ஹியூட்டர் அவருக்கு 2007இலும் 2008இலும் வேறொருவரின் ரத்தக் குருத்தணுக்களை, அதாவது மஜ்ஜையில் இருந்து எல்லா ரத்த செல்களையும் உருவாக்கும் அணுக்களை, செலுத்தினார். கொடையாளியைத் தேர்ந்ததில்தான் சூட்சுமம். வடக்கு ஐரோப்பியர்களில் சுமார் ஒரு சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே சிசிஆர்5 புரதம் செல்லின் மேல் இருக்காது. அப்படி ஒருவரின் அணுக்களைக் கொடுத்ததால், புதிதாக வளர்ந்த எதிர்ப்பு மண்டலத்துக்குள் அவருடைய எச்.ஐ.வி. நுழைய வழியில்லாமல் போனது. 2020இல் புற்றுநோய் திரும்பி அவர் இறந்தார், எச்.ஐ.வி. கடைசி வரை திரும்பவில்லை. பிறகு லண்டன், டியூசல்டார்ஃப், நியூயார்க் என்று இன்னும் சிலர் இதே வழியில் குணமானார்கள்.

எல்லாப் பெருமையும் சிசிஆர்5 இல்லாததற்கே என்று பலரும் நினைத்திருந்தபோது, 2023இல் ஜெனீவாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே ஒருவருக்குச் சிசிஆர்5 இயல்பாகவே உள்ள கொடையாளியின் அணுக்களைத்தான் கொடுத்திருந்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் வைரஸ் திரும்பவில்லை. இதற்குக் கிடைக்கும் விளக்கம், புதிய எதிர்ப்பு மண்டலம் பழைய ரத்த செல்களை அன்னியமாகப் பார்த்து ஒன்றுவிடாமல் அழிக்கிறது, அதோடு பதுங்கு கிடங்கும் அழிகிறது என்பது. உறங்கும் வைரஸ் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அது உறங்கும் வீடு தெரிகிறது அல்லவா?

இதைப் படித்துவிட்டு மஜ்ஜை மாற்றே தீர்வு என்று நினைத்துவிடக் கூடாது. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது. வேறு வழியில்லாத புற்றுநோயாளிகளுக்கு மட்டுமே செய்வார்கள். இயல்பான சிசிஆர்5 உள்ள கொடையாளிகளின் அணுக்களைப் பெற்ற பாஸ்டன் நோயாளிகள் இருவருக்கும் வைரஸ் போய்விட்டது போலவே தெரிந்தது. 2013இல் மருந்தை நிறுத்தியதும் ஒருவருக்குச் சுமார் மூன்று மாதத்திலும் இன்னொருவருக்கு எட்டு மாதத்திலும் திரும்பி வந்தது. எச்.ஐ.வி.யோடு பிறந்து, 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கப்பட்ட, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் குழந்தை ஒன்றும் மருந்தில்லாமல் 27 மாதங்கள் இருந்தது. 2014இல் வைரஸ் திரும்பியது. பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவாக மிஞ்சினாலும் போதும், எதிர்ப்பு மண்டலம் தயாராக இல்லாவிட்டால் எல்லாம் பழையபடி.

இனி செய்ய முயல்வது

எலைட் கன்ட்ரோலரின் உடல் தானாகச் செய்ததை மற்றவர் உடலில் எப்படிச் செய்ய வைப்பது? 'எழுப்பிக் கொல்' என்பது ஒரு வழி: உறங்கும் வைரஸை மருந்தால் எழுப்பிவிட்டால் எதிர்ப்பு மண்டலம் பார்த்துக் கொல்லும் என்ற எண்ணம். எழுப்புவது ஓரளவு நடந்தது. கொல்வது நடக்கவில்லை, களைத்துப்போன சிடி8 செல்களால் முடியவில்லை. இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு: எழவே முடியாதபடி நிரந்தரமாகப் பூட்டிவிடுவது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஆன்டிபாடிகள். தொற்றியவர்களில் ஒரு சிறு பகுதியினரின் உடல் சில ஆண்டுகள் கழித்து, பல வகை எச்.ஐ.வி.களையும் முடக்கும் அபூர்வ ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. அவற்றைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் தயாரிக்க முடியும். 2010இல் அறிவிக்கப்பட்ட விஆர்சி01 அவற்றில் புகழ்பெற்ற ஒன்று. 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இத்தகைய இரண்டு ஆன்டிபாடிகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த ஆன்டிபாடிகளுக்குக் கட்டுப்படும் வைரஸ் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு வைரஸ் திரும்ப 21 வாரங்களுக்கு மேல் ஆனது. 2017இல் குரங்குகளில் கண்டது அதைவிட வியப்பு. தொற்றிய சில நாட்களில் இவை கொடுக்கப்பட்ட 13 குரங்குகளில் 6, ஆன்டிபாடி உடலிலிருந்து முழுவதும் கரைந்த பிறகும் வைரஸை அடக்கியே வைத்திருந்தன. சிடி8 செல்களை நீக்கிப் பார்த்தார்கள், வைரஸ் எழுந்துவிட்டது. ஆன்டிபாடி தான் போகும் முன் சிடி8 செல்களுக்கு வேலையைச் சரியாகக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

நேரமும் முக்கியம் என்பதை மனிதர்களிலும் பார்த்திருக்கிறோம். பிரான்சில் 2013இல் விஸ்கான்டி ஆய்வு விவரித்த 14 பேர், தொற்றியவுடனேயே சிகிச்சை தொடங்கி, சில ஆண்டுகள் மருந்து எடுத்து, நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் வைரஸை அடக்கியவர்கள். எலைட் கன்ட்ரோலர்களிடம் காணும் எச்எல்ஏ வடிவங்கள் இவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை. கிடங்கு சிறியதாக இருக்கும்போதே, எதிர்ப்பு மண்டலம் நொறுங்கும் முன்பே சிகிச்சை வந்துவிட்டது.

ஆனால் இந்த 14 பேரைப் பார்த்து யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வு, இடையிடையே மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோயும் மரணமும் அதிகமாவதை 2006இலேயே காட்டிவிட்டது. மேலே சொன்ன ஆய்வுகளில் மருந்தை நிறுத்துபவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை நடக்கும். வைரஸ் தலைகாட்டினால் உடனே மருந்து கொடுத்துவிடுவார்கள். வீட்டில் அந்தக் காவல் கிடையாது. மாத்திரையைத் தவறாமல் எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பவர், உடலுறவின் மூலம் இன்னொருவருக்கு எச்.ஐ.வி.யைக் கடத்துவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அவருடைய சிடி4 செல்களும் மெல்ல மெல்லத் திரும்பி வளர்கின்றன.